முன் சில்லில் புனித எண்ணெய்

கொட்டாஞ்சேனை ஐறீனுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. பின்னால் உட்காரவும் அவ்வளவாகத் தெரியாது. உட்கார்ந்தால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இறங்கும் வரைக்கும் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவர் நாட்டின் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும் அறிஞரானது எப்படி என்பதை முறைப்படி சொல்லியே ஆகவேண்டும்.

ஐறீனுக்குத் தொழில் இரண்டு. பகலில் கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் விபத்துப் பிரிவில் எழுதுவினைஞர். மனிதர் எப்படியெல்லாம் விழலாம் என்பதை, விழுந்தவர்களே கைப்பட எழுதி அனுப்ப, வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் வாசித்து வருகிறார். மாடு குறுக்கே வந்து விழுந்தவர், மாட்டுக்குக் குறுக்கே போய் விழுந்தவர், நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளில் ஏறிப் படம் எடுக்கப் போய் விழுந்தவர் என்று எல்லோரும் அவருடைய மேசையைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள்.

மற்றத் தொழிலுக்குச் சம்பளம் இல்லை. பங்குத் திருவிழாவில் அந்தோனியார் சிலையைத் தெருவில் கொண்டுபோகும் சுரூப பவனியை நடத்துவது. கழுத்தில் விசிலும் கையில் சிறு கொடியுமாக ஐறீன் சந்தியில் நின்றால், கொடி உயர்ந்ததும் பாண்ட் வாத்தியம் நிற்கும், பட்டாசு நிற்கும், அந்தோனியார் நிற்பார். ஒருமுறை அமைச்சர் ஒருவரின் வாகனமும் நின்றது. அதைப் பற்றி அவர் பெருமை பேசுவதில்லை, கேட்டால் மட்டும் சொல்வார். அவருடைய முறை எளிது. சந்திக்கு ஒரு கொடிக்காரர். ஒவ்வொருவருக்கும் அடுத்தவரின் கொடி கண்ணில் தெரியவேண்டும். ஒரு கொடி உயர்ந்தால் எல்லாக் கொடியும் உயர வேண்டும். அவ்வளவுதான். இதை விளங்கிக்கொள்ளப் பங்குச் சபைக்குப் பல திருவிழாக்கள் பிடித்தன.

கணவர் ஒஸ்வால்டுக்குத் துறைமுகத்தில் கொள்கலன் பிரிவில் வேலை. சாதுவான மனிதர். அவருக்கு இருந்த ஒரே துர்க்குணம், பழைய சிவப்பு நிற ஹொண்டா ஒன்று. பெற்றோல் வரிசைக் காலத்தில் அதை ஓட்ட வழியில்லாமல் ஜம்பட்டா வீதியில் மெல்லத் தள்ளிக்கொண்டு போய்க் காற்று வாங்கவிட்டு வந்தவர். போன வருடம் ஆமர் வீதிச் சந்தியில் ஒரு ஓட்டோ சிக்னல் போடாமல் திரும்ப, ஒஸ்வால்ட் தரையோடு கொஞ்சத் தூரம் போனார். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் அன்று அவர் பெயரிலேயே ஒரு விபத்துப் படிவம் ஐறீனின் மேசைக்கு வந்தது. அன்றிரவு சோற்றைப் போட்டுக்கொண்டே ஐறீன் தீர்ப்பை வாசித்தார்.

“ஒண்டு, அதை வில்லுங்க. இல்லாட்டி பஸ்ஸும் ஓட்டோவும் இல்லாத ரோட்டில ஓடுங்க.”

இலங்கையில் அப்படி ஒரு ரோட்டே இல்லை என்ற நம்பிக்கையில் சொன்னது அது. ஒஸ்வால்ட் ஒரே வாரத்தில் அப்படி ஒரு ரோட்டைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்.

நீர்கொழும்புக்கு அப்பால், தென்னந்தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து தன்னிடமே திரும்பி வரும் ஓர் ஓட்டத்திடல். ஞாயிறுகளிலும் போயா என்னும் பௌர்ணமி விடுமுறை நாட்களிலும் மோட்டார் சைக்கிள் கூட்டங்கள் அதை வாடகைக்கு எடுத்து, ‘ட்ரெக் டே’ என்ற பெயரில் நாள் முழுக்கச் சுற்றுவார்களாம்.

“ஆர் வெல்லுறது?” என்று ஐறீன் கேட்டார்.

“ஒருத்தரும் வெல்லுறதில்ல. இது ரேஸ் இல்ல.”

“பரிசு?”

“இல்ல.”

“எங்க போய்ச் சேருறது?”

“வெளிக்கிட்ட இடத்துக்குத்தான்.”

சொன்ன சொல்லை மாற்றக்கூடாதே என்பதற்காக ஐறீன் உடன்படிக்கைக்கு வந்தார். அந்தத் திடலில் ஓடும் கூட்டங்கள் மூன்று. மூன்றையும் ஐறீன் நேரில் போய்ப் பார்ப்பார். அவர் சரி என்கிற கூட்டத்தோடு ஒஸ்வால்ட் ஓடலாம். மூன்றும் சரிவராவிட்டால் ஹொண்டா வெள்ளவத்தையில் இருக்கும் ஐறீனின் தம்பி மெல்ரோய்க்குப் போகும். மெல்ரோய் அதன்மேல் வெகு காலமாகக் கண் வைத்திருந்தான். ஆஸ்பத்திரியில் கிடக்கும் பெரியப்பாவைச் சொத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் விசாரிப்பதுபோல, போன் எடுக்கும்போதெல்லாம் அதன் சுகத்தை விசாரிப்பான்.

ஐறீன் வெறுங்கையோடு புறப்படவில்லை. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய், புனித எண்ணெயில் ஒரு சிறு போத்தல் வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த எண்ணெயை எங்கே நோவோ அங்கே பூசுவது வழக்கம்: முழங்காலுக்கு, இருமும் பிள்ளையின் நெஞ்சுக்கு, வியாபாரம் படுத்துவிட்ட கடையின் பூட்டுக்கு. மோட்டார் சைக்கிளுக்கு நோவு எங்கே? யோசித்துப் பார்த்தால், நிற்கவேண்டிய இடத்தில் நில்லாததுதான் அதன் வியாதி.

“இது எதால நிக்குது?” என்று ஒருநாள் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

மனைவி ஹொண்டாவைப் பற்றிக் கேள்வி கேட்டது அதுவே முதல் தடவை என்பதால் ஒஸ்வால்ட் உருகிப் போனார். முன் சில்லின் அருகே குந்தி உட்கார்ந்து, பளபளவென்று இருந்த வட்டத் தகட்டைத் தொட்டுக் காட்டினார். “இதுதான் டிஸ்க். பிரேக் பிடிச்சா ரெண்டு பக்கத்தாலயும் ரெண்டு கட்டை வந்து இதை நெருக்கும். உயிரே இதிலதான் இருக்கு, ஐறீன்.”

உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டதால் ஐறீனுக்கு வேலை சுலபமாயிற்று.

முதற் கூட்டத்தின் பெயர் ‘கொழும்பு வேங்கைகள்’. தலைவர் ஜொனாதன், வெள்ளவத்தையில் உடற்பயிற்சி நிலையம் வைத்திருக்கும் இளைஞர். கையை மடக்காமலே மடக்கியதுபோல் வைத்திருப்பார். ஹொண்டாவைப் பட்டா எனும் சிறு லொறியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது திடலில் பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி டீ-சேர்ட். தலைக்கு மேலே படமெடுக்கும் ட்ரோன். ஒஸ்வால்ட் தோல் அங்கியை மாட்டப் போன இடைவெளியில் ஐறீன் குனிந்து, டிஸ்க்கில் எண்ணெயைச் சிலுவை போட்டுப் பூசிவிட்டு, ஆய்வுக்குக் கிளம்பினார்.

“தம்பி, அம்புலன்ஸ் எங்க?”

“அந்தா நிக்குது, அன்ரி. சேஃப்டிதான் எங்களுக்கு முதல்.”

வெள்ளை வான் ஒன்று நின்றது. ஐறீன் பின்கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே மூன்று பெரிய சட்டிகளில் புரியாணி தம்மில் இருந்தது.

“விழுந்தவரை எங்க படுக்கப் போடுறது?”

“பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு இறக்கிருவம் அன்ரி. பிறகு ஃப்ரீதான்.”

“அப்ப பன்னிரண்டு மணி வரைக்கும் ஒருத்தரும் விழக்கூடாது.”

“விழமாட்டாங்க. நீங்க பொசிட்டிவா நினையுங்க, அன்ரி.”

அதற்குள் வேங்கைகள் ஓடத் தொடங்கிவிட்டன. நேற்று வாங்கியவரும் பத்து வருடம் ஓடியவரும் ஒரே கும்பலாக, ஒருவர் முழங்கையை ஒருவர் உரசிக்கொண்டு போனார்கள். வளைவுகளில் ஒரு கொடியும் இல்லை. ஒருவர் புல்லுக்குள் போய்ப் படுத்தார். அதை ட்ரோன் மட்டும் கண்டது. அவர் தாமாகவே எழுந்து, தாமாகவே தூசி தட்டி, மற்றவர்கள் சுற்றி வரும்வரை காத்திருந்து, நல்ல படம் வந்ததா என்று கேட்டார்.

ஐறீன் சரி சொல்லாததால் ஒஸ்வால்ட் அன்று எஞ்சினைக்கூட முடுக்கவில்லை. நேர்மையாகச் சொல்வதானால், புரியாணி மிகத் திறமாக இருந்தது. அதை ஐறீன் எந்த இடத்திலும் மறைத்ததில்லை.

மறுநாள் ஹொண்டாவைத் துடைக்கும்போது, முன் சில்லடியில் எண்ணெய்ப் பசை இருப்பதை ஒஸ்வால்ட் கண்டார். சில்லைத் தாங்கும் முன் ஷொக்கின் எண்ணெய்ச் சீல் கசிகிறது என்று முடிவு செய்து, பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போய்ப் புதுச் சீல் வாங்கிப் போட்டார். இதெல்லாம் மோட்டார் சைக்கிள்காரர்களின் வழமையான பொழுதுபோக்கு என்று எண்ணி ஐறீன் விசாரிக்கவில்லை.

இரண்டாவது, ‘மோட்டார் சைக்கிள் கனவான்கள் சங்கம்’. வங்கி முகாமையாளர்களும் கம்பனிப் பணிப்பாளர்களும் சேர்ந்தது. தலைவர் புஷ்பராஜ் வாசலில் நின்று கைகுலுக்கி வரவேற்றார். உள்ளே நாற்காலிகள் வரிசையாக. முன்வரிசைக்கு வெள்ளைத் துணி. அம்புலன்ஸுக்குள் நிஜமான கட்டிலும், கட்டிலில் உட்கார்ந்து பத்திரிகை வாசிக்கும் நிஜமான தாதியும் இருந்தார்கள். ஐறீனுக்கு மனம் இளகத் தொடங்கியது. போன தடவை பூசியது போதவில்லையோ என்று, இம்முறை டிஸ்க்கின் இரண்டு பக்கத்துக்கும் பூசினார்.

சற்று நேரத்தில் பரிசோதகர் ஒருவர் வந்தார். ஹொண்டாவை ஒருமுறை சுற்றி நடந்தார். “நல்ல சிவப்பு” என்றார். ‘பரிசோதிக்கப்பட்டது’ என்று அச்சடித்த ஸ்டிக்கர் ஒன்றைப் பெற்றோல் தாங்கியில் ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார். தன் எண்ணெய்க்கும் சேர்த்து ஒப்புதல் கிடைத்ததில் ஐறீனுக்கு மனநிறைவு.

பிறகு மங்கல விளக்கேற்றினார்கள். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை. பாதுகாப்பைப் பற்றி மட்டும் மூவர் பேசினார்கள். மூவருமே பாதுகாப்புக்கு ஆதரவாகவே பேசினார்கள். ஐறீன் எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தார். கொடிகள் இருந்தன: மஞ்சள், சிவப்பு, பச்சை, எல்லாம் அயர்ன் பண்ணி அடுக்கி வைத்தபடி. திரும்பி வந்து புஷ்பராஜைப் பிடித்தார்.

“கொடி பிடிக்கிறது ஆர், மிஸ்டர் புஷ்பராஜ்?”

“அதுக்கெண்டு ஒரு உபகுழு நியமிச்சிருக்கிறம், மிஸ்ஸிஸ் ஒஸ்வால்ட். அந்தா, நீல ஜக்கெட் போட்ட எல்லாரும்.”

“அவை எல்லாரும் பைக்கோடயல்லோ நிக்கினம்.”

“ஓம். நல்ல ஓட்டக்காரர்.”

“அவை ஓடேக்க கொடி ஆர் பிடிக்கிறது?”

சங்கம் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்வி எழவில்லை என்பது புஷ்பராஜின் முகத்தில் தெரிந்தது. “நல்ல பொயின்ட். அடுத்த கூட்டத்தில எடுப்பம்.”

நன்றியுரை முடியவும் மழை வரவும் சரியாக இருந்தது. ஈரத் திடலில் கனவான்கள் ஓடுவதில்லை. தேநீர் குடித்துவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். அன்று ஒருவருக்கும் சிறு கீறல்கூட இல்லை. இதைச் சங்கம் தன் சாதனைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கக்கூடும்.

ஒஸ்வால்ட் மறுபடியும் முன் சில்லடியில் எண்ணெயைக் கண்டார். மறுபடியும் சீல் மாற்றினார். மெல்ரோய் போன் எடுத்து, “அத்தான், எனக்குச் சிவப்பும் பரவாயில்ல” என்றான்.

மூன்றாவது கூட்டத்துக்குப் பெயரே கிடையாது. டீ-சேர்ட் இல்லை, பாட்டு இல்லை. சாப்பாடு என்றால் மீன் அடைத்த பணிஸும் பாலில்லாத பிளேன்டீயும். ஐறீன் லொறியை விட்டு இறங்கும்போதே கணக்கில் இரண்டு புள்ளியைக் குறைத்துக்கொண்டார். ஒஸ்வால்ட் ஹொண்டாவை இறக்கினார். இது கடைசி என்பது அவருக்கும் தெரியும், ஐறீனுக்கும் தெரியும். அந்த முகத்தைப் பார்த்து இரக்கம் வந்ததாலோ என்னவோ, அவர் உடை மாற்றப் போனதும், போத்தலில் மிஞ்சியிருந்ததில் முக்கால்வாசியை டிஸ்க்கில் ஊற்றியே விட்டார்.

பிறகு திடலைப் பார்க்கப் போனவருக்கு நடை மெதுவாயிற்று. வளைவுக்கு ஒருவராக ஆட்கள் கொடியோடு நின்றார்கள். முதலாமவர் கொடியைத் தூக்கிக் காட்ட, இரண்டாமவர் தூக்கினார், அப்படியே வரிசையாகத் திடலைச் சுற்றி வந்து முடிந்தது. அதற்குப் பிறகுதான் முதல் மோட்டார் சைக்கிளை உள்ளே விட்டார்கள். புதியவர்கள் தனியாக, பழையவர்கள் தனியாக. வேடிக்கை பார்க்க வந்தவர் என்று ஒருவரும் இல்லை. கூட வந்த மனைவிமார், மச்சான்மார் எல்லோருக்கும் கொடி கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். ஐறீனுக்கு ஒரு கணம் தன் பவனியே தென்னைகளுக்கு நடுவில் நடப்பதுபோல் இருந்தது. சுரூபம் ஒன்றுதான் குறை.

வாகனங்களைப் பரிசோதித்தவர் ஸும்றா. தெஹிவளைக்காரி, பல் வைத்தியர். முக்காட்டுக்கு மேலே ஹெல்மெட் போடும் விதத்தைத் தானே வடிவமைத்துக்கொண்டவர். கையில் உறை, நெற்றியில் சிறு டோர்ச். ஒவ்வொரு மோட்டார் சைக்கிளிடமும் வாயைத் திற என்று சொல்லாத குறைதான். ஹொண்டாவின் செயினை ஆட்டிப் பார்த்தார், நட்டுகளைத் திருகிப் பார்த்தார், முன்னால் குந்தி டிஸ்க்கில் விரலை வைத்து இழுத்தார். விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

“இது எனத்த அங்கிள்?”

ஒஸ்வால்ட் குனிந்து பார்த்தார். முகம் விழுந்தது. “சீல் கசியுது. ரெண்டு தரம் மாத்தினனான், டொக்டர். எப்பிடியெண்டு விளங்கேல்ல.”

“இதோட போய் பிரேக் புடிச்சா நிக்காது. நேரா தென்னைக்குத்தான். இண்டைக்கு விட ஏலாது, கோவிச்சுக்கொள்ள வாணாம்.”

ஒஸ்வால்ட் கோபிக்கவில்லை. கையுறையைக் கழற்றத் தொடங்கினார், ஒவ்வொரு விரலாக. “சரி, ஐறீன். மூண்டும் பாத்தாச்சு. மெல்ரோய்க்குச் சொல்லிவிடும்.”

ஐறீன் கேட்டது அப்படியே கைக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஹொண்டா லொறியில் ஏறும், லொறி வெள்ளவத்தைக்குப் போகும், ஆமர் வீதியில் இனி எந்த ஓட்டோவும் எப்படித் திரும்பினாலும் கவலையில்லை. ‘எப்படியென்று விளங்கவில்லை’ என்று எழுதி வருகிற படிவங்களை அவர் எத்தனையோ கண்டவர். விளங்கியவர் பக்கத்திலேயே நின்றிருப்பார் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

தாங்கியில் கனவான்கள் ஒட்டிய ஸ்டிக்கர் பாதி உரிந்தபடி இருந்தது. அன்று மழை மட்டும் வராமல் இருந்திருந்தால், ஒஸ்வால்ட் இதே எண்ணெயோடு ஓடியிருப்பார். ஐறீன் கைப்பையைத் திறந்து போத்தலை எடுத்தார்.

“டொக்டர், அது கசிவில்ல. நான் பூசினது.”

ஸும்றா போத்தலை வாங்கி, மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். “கொச்சிக்கடையா?”

“ஓம்.”

“எங்கட உம்மாவும் முழங்காலுக்கு இதத்தான் பூசுற. நல்லா வேல செய்யுது.” போத்தலை மூடித் திருப்பிக் கொடுத்தார். “ஆனா அன்ரி, முழங்கால் ஓடவேண்டிய சாமான். இது நிக்கவேண்டிய சாமான்.”

ஒஸ்வால்ட் கழற்றிய கையுறையைப் பிடித்தபடி நின்றார். “போன ரெண்டு தரமும்?”

“ஓம்.”

“அப்ப நான் மாத்தின சீல்…”

“அது நல்ல சீல்தான், ஒஸ்வால்ட்.”

“அவங்கள் பாத்து ஸ்டிக்கர் ஒட்டினவங்களே.”

“அதாலதான் என்னால வாயை மூடிக்கொண்டு நிக்க ஏலாமப் போச்சு.”

ஒஸ்வால்ட் திட்டுவார் என்று ஐறீன் காத்திருந்தார். அவரோ வாயைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து போய்ப் பார்த்தால், மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

காலை முழுக்க வைத்தியம் நடந்தது. எண்ணெய் குடித்த பிரேக் கட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, ஸும்றா தன் பெட்டியிலிருந்த புதிய சோடியைப் போட்டார். டிஸ்க்கையும் டயரையும் ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தது ஐறீன். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, துணியை மட்டும் கையில் கொடுத்தார்கள். பிறகு ஒஸ்வால்டை நடக்கும் வேகத்தில் ஓடவிட்டு, நிறுத்தச் சொல்லி, திரும்ப ஓடவிட்டு, திரும்ப நிறுத்தச் சொன்னார்கள். மத்தியானம் மீன் பணிஸ் சாப்பிடும்போது ஐறீன் தன் தீர்ப்பைத் தனக்குள் எழுதி முடித்திருந்தார். வேங்கைகள் அவரை அன்ரி என்றார்கள், கனவான்கள் மிஸ்ஸிஸ் என்றார்கள். அவருடைய பிழையைக் கண்டுபிடித்தது இந்தப் பெயரில்லாக் கூட்டம் மட்டும்தான். குறைத்த இரண்டு புள்ளியையும் திருப்பிப் போட்டார்.

“அன்ரி, சும்மா நிக்க ஏலாது இஞ்ச,” என்று ஸும்றா மஞ்சள் கொடியை நீட்டினார். “மூணாவது வளைவு. யாரும் விழுந்தா…”

“தெரியும்,” என்றார் ஐறீன். கைப்பையிலிருந்து விசிலை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

பிற்பகல், புதியவர்களின் சுற்று. ஒஸ்வால்ட் பின்வரிசையில், கிட்டத்தட்டப் பாண்ட் வாத்தியத்துக்குப் பின்னால் வரும் பக்திச் சபையினரின் வேகத்தில் வந்தார். முதற் சுற்றில் தோள் இறுகியிருந்தது. அடுத்ததில் இளகியது. அதற்கடுத்த சுற்றில், ஐறீனின் வளைவிலே, ஹொண்டா ஒரு பக்கம் சாய்ந்து, சாய்ந்தபடியே அழகாகத் திரும்பிப் போயிற்று. இத்தனை வருடம் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் இருந்தவருக்கு, கணவர் ஓட்டும்போது எப்படி இருப்பார் என்பது அன்றுதான் தெரிந்தது.

அடுத்த சுற்றில், முன்னால் போன ஜிந்துப்பிட்டி நகைக்கடைக்காரர், பெரிய உடம்புக்காரர், வளைவு முடியுமுன் வழுக்கித் திடலின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். ஐறீனின் கொடி உயர்ந்தது. விசில் தென்னந்தோட்டம் முழுக்கக் கேட்டது. அடுத்த வளைவின் கொடி உயர்ந்தது, அதற்கடுத்தது உயர்ந்தது. எஞ்சின்கள் ஒவ்வொன்றாகத் தணிந்தன. பின்னால் வந்த ஒஸ்வால்ட் பிரேக்கைப் பிடித்தார். புதுக் கட்டைகள் சுத்தமான டிஸ்க்கை நெருக்க, ஹொண்டா ஐறீனுக்கு நேரே வந்து மரியாதையாக நின்றது. அம்புலன்ஸ் வந்தது, உள்ளே கட்டில் இருந்தது. நகைக்கடைக்காரருக்கு அது தேவைப்படவில்லை; ஆனாலும் ஆசைக்கு ஒருமுறை ஏறிப் படுத்துப் பார்த்தார்.

ஒஸ்வால்ட் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார். “என்ன, அருள் நிறைந்த மரியே சொன்னீரா?”

“இல்ல. ரெண்டு கையும் வேலையா இருந்தது,” என்றார் ஐறீன்.

பொழுது சாயத் திரும்பி வரும்போது, பட்டா லொறிக்குள் மெல்ரோயின் போன் வந்தது. “அக்கா, மூண்டாவதும் பாத்தாச்சாமே. நான் எப்ப வந்து எடுக்கட்டும்?”

ஐறீன் பின்கண்ணாடி வழியே, கயிறு போட்டுக் கட்டிய ஹொண்டாவைப் பார்த்தார். அது தூசியோடு, மடியில் படுத்துத் தூங்கும் பிள்ளைபோல் ஆடிக்கொண்டு வந்தது.

“அது இனி விக்கிறதுக்கில்ல, மெல்ரோய். வாற போயாவுக்கு நீயும் வா.”

“ஓடுறதுக்கா?” என்று அவன் ஆவலாய்க் கேட்டான்.

“கொடி பிடிக்க. அஞ்சாவது வளைவுக்கு ஆள் வேணுமாம். வரேக்க எண்ணெய் கிண்ணெய் ஒண்டும் கொண்டுவராத, அங்க ஒரு டொக்டர் இருக்கிறா, விரலாலயே கண்டுபிடிச்சிடுவா.”